சிலுவைப் போரும் நம் கொல்லத்து மிளகும்

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டும் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். சிதறால் மலை, சமணக் கல்வெட்டு என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இந்த முறை பொருள் வேறு. அதற்குக் காரணம் என் பேத்தி.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பேராசிரியர் அல்லன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பம். 1979-ல் இருபது வயதில் கரமனைக்கு வந்து சேர்ந்தேன். சாலைக் கடைத்தெருவில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் கணக்கெழுதினேன். பிறகு சொந்தமாக மிளகு, ஏலம், சுக்கு என்று வியாபாரம் செய்து, இன்றும் அதே தெருவில்தான் இருக்கிறேன். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பாளையத்துப் பொது நூலகத்தில் உட்கார்ந்து படித்ததுதான் என் கல்லூரி.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் சாயங்காலம், பொழுது இறங்கும் முன் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். பேத்தி புத்தகப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, சிலுவைப் போர்ல யாரு பக்கம் நியாயம்?"

"ஏன் கண்ணு, பரீட்சைக்கா?"

"இல்ல தாத்தா. என் பெஞ்சுல ரெண்டு பேரு. ஒருத்தி பூந்துறை, ஒருத்தி பீமாபள்ளி. பாடம் நடந்த அன்னிக்குப் பின் பெஞ்சுப் பையன்க அவங்க ரெண்டு பேரையும் கேலி பண்ணிட்டாங்க. அதுலேந்து ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல. நான் நடுவுல உக்காந்திருக்கேன்."

எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கரமனையாறு திருவல்லம் தாண்டிப் பனத்துறைப் பக்கம் கடலில் சேருகிறது. அந்தக் கடற்கரையில்தான் பூந்துறை மாதாகோவிலும் பீமாபள்ளி தர்காவும் அடுத்தடுத்து நிற்கின்றன. எங்கேயோ எருசலேமில் 900 ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டை, இந்த ஆற்றங்கரைப் பிள்ளைகளின் பெஞ்சில் வந்து உட்காருவானேன்? அதைத் தேடித்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்தச் சண்டை நம் கடற்கரைக்கும் வந்தது உண்மை. அதுவும் என் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் இந்த மிளகைத் தேடிக்கொண்டுதான் வந்தது. அதைத் தெரிந்த மட்டில் இங்கே சொல்லுகிறேன்.

எருசலேமில் நடந்தது

எருசலேம் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் என்ற மூன்று சமயத்தாருக்கும் புனித நகரம். ஏழாம் நூற்றாண்டு முதல் அது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. 1095 நவம்பரில் பிரான்சு நாட்டுக் கிளெர்மோன் நகரில் போப் இரண்டாம் அர்பன் பேசினார். அந்நகரை மீட்கப் போவது பாவப் பரிகாரம் ஆகும் என்று அறிவித்தார். கேட்டவர்கள் துணியில் சிலுவை வெட்டித் தோளில் தைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். அதனால்தான் சிலுவைப் போர் என்ற பெயர் வந்தது.

1099 ஜூலை 15-ல் எருசலேம் விழுந்தது. நகருக்குள் இருந்த முஸ்லிம்களும் யூதர்களும் பெருமளவில் வெட்டப்பட்டார்கள். 1187-ல் ஹத்தீன் என்னும் இடத்தில் சுல்தான் சலாவுதீன் சிலுவைப் படையை முறியடித்து நகரைத் திரும்பப் பிடித்தார். அவர் பொதுக்கொலை செய்யவில்லை. மீட்புப் பணம் வாங்கிக்கொண்டு கிறிஸ்தவர்களை வெளியே போகவிட்டார். பணம் கட்ட முடியாதவர் பலர் அடிமைகளாயினர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டு செய்திகளை மட்டும் கவனியுங்கள். 1204-ல் நான்காம் சிலுவைப் படை எருசலேமுக்குப் போகவே இல்லை. வெனிஸ் நகரத்துக் கப்பல்காரர்களுக்குக் கூலி பாக்கி வைத்த அந்தப் படை, கான்ஸ்டாண்டிநோபிள் என்னும் கிறிஸ்தவ நகரத்தையே சூறையாடியது. சிலுவை தைத்தவன் சிலுவை தொழுதவனைக் கொள்ளையடித்தான். 1229-ல் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் எகிப்து சுல்தான் அல்-காமிலோடு பேசி, உடன்படிக்கை மூலமாகவே எருசலேமைப் பெற்றுக்கொண்டார். சண்டை போடாமல் வாங்கியதால் இரண்டு தரப்பிலும் திட்டு வாங்கினார்கள்! கடைசியில் 1291-ல் ஏக்கர் துறைமுகம் விழ, புனித பூமியில் சிலுவைப் படையின் ஆட்சி முடிந்தது. பாடப் புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

மிளகு நடுவில் வந்தது எப்படி

ஏக்கர் விழுந்ததும் ஐரோப்பாவில் ஒரு கேள்வி எழுந்தது. எகிப்து சுல்தானுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை கிடைத்தது. மலையாளக் கரையில் ஏற்றும் மிளகு அரபிக்கடல் தாண்டி, ஏடன் வழியாகச் செங்கடலில் நுழைந்து, கெய்ரோ போய், அலெக்சாந்திரியாவில் வெனிஸ் வியாபாரிகள் கைக்கு மாறும். வழி நெடுக வரி. அந்த வரியில் சுல்தானின் கஜானா நிறைந்தது. முஸ்லிம்களோடு வியாபாரம் கூடாது என்று போப் தடை போட்டாலும், வெனிஸ்காரர்கள் தனி அனுமதி வாங்கிக்கொண்டாவது போய் வந்தார்கள். வியாபாரிக்கு மிளகு இல்லாமல் முடியுமா?

சுமார் 1317-ல் கீயோம் ஆதாம் என்ற தொமினிக்கன் துறவி ஒரு யோசனை எழுதினார். இந்தியப் பெருங்கடலிலேயே கிறிஸ்தவக் கப்பல்களை நிறுத்தி ஏடன் வாயிலை அடைத்துவிட்டால் எகிப்து தானாகப் பட்டினி கிடக்கும் என்பது அதன் சாரம். 1321-ல் மரீனோ சனூதோ என்ற வெனிஸ் பிரபு, எகிப்தின் வியாபாரத்தை முடக்குவதுதான் புனித பூமியை மீட்கும் வழி என்று ஒரு பெரிய நூலைப் போப் இருபத்திரண்டாம் யோவானிடம் கொடுத்தார்.

அடுத்து வருபவர் நமக்கு மிகவும் நெருக்கமானவர். ஜோர்தானுஸ் கத்தலானி என்ற துறவி 1321-ல் பம்பாய்ப் பக்கத்துத் தாணாவுக்கு வந்தார். அங்கே அவரோடு வந்த நான்கு பிரான்சிஸ்கன் துறவிகள் கொல்லப்பட்டார்கள். 1324-ல் அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில், போப் இந்தக் கடலில் இரண்டே இரண்டு போர்க்கப்பல் விட்டால் போதும், அலெக்சாந்திரியா சுல்தானுக்கு எவ்வளவு நஷ்டம் விளைவிக்கலாம் என்ற கருத்தை எழுதிவைத்தார். 1329-ல் போப் அதே ஜோர்தானுஸைக் கொல்லத்துக்கு ஆயராக நியமித்தார். அன்பர்களே, இங்கிருந்து வடக்கே சுமார் 65 கிலோமீட்டரில் இருக்கும் நம் கொல்லம்தான்! ஆக, வாஸ்கோ ட காமா வருவதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே, சிலுவைப் போரை இந்தக் கடலுக்குக் கொண்டுவரும் எண்ணம் காகிதத்தில் ஏறிவிட்டது.

எண்ணத்தைச் செயலாக்கியவர்கள் போர்ச்சுக்கீசியர். சிலுவைப் போருக்கென்று தோன்றிய டெம்ப்ளர் என்னும் வீரத் துறவியர் சபையை 1312-ல் போப் கலைத்தார். போர்ச்சுக்கலில் அச்சபையின் சொத்து 1319-ல் உண்டான கிறிஸ்து சபைக்குப் போனது. அந்தச் சபையின் சிவப்புச் சிலுவைதான் பிறகு போர்ச்சுக்கீசியக் கப்பல் பாய்களில் ஏறியது. 1455-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் ஆணை ஒன்று பிறப்பித்து, தென்கடல் வழிகளில் சென்று முஸ்லிம்களோடும் பிற சமயத்தாரோடும் போரிடவும் நாடு பிடிக்கவும் போர்ச்சுக்கல் அரசருக்கு உரிமை கொடுத்தார்.

1498 மே மாதம் காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து நின்றன. கரையிறங்கிய முதல் ஆளிடம், ஸ்பானிய மொழி தெரிந்த துனீசிய முஸ்லிம்கள் இருவர் எதற்கு வந்தாய் என்று கேட்க, கிறிஸ்தவர்களையும் வாசனைச் சரக்கையும் தேடி வந்தோம் என்று அவன் சொன்னதாக அந்தப் பயணக் குறிப்பு கூறுகிறது. ஒரே பதிலில் சிலுவையும் மிளகும்! அவர்கள் இங்கே ஓர் அம்மன் கோவிலை மாதாகோவில் என்று எண்ணி மண்டியிட்டுத் தொழுதார்கள் என்பதும் அதே குறிப்பில் உள்ளது. கிறிஸ்தவனும் முஸ்லிமும் மட்டுமே உள்ள உலகத்திலிருந்து வந்தவர்களுக்கு, மூன்றாவதாக ஒரு சமயம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

கொல்லம்: ஒரு செப்பேடும் ஒரு தீயும்

அவர்கள் வருமுன் இங்கே நிலைமை எப்படி இருந்தது? அதற்கு ஒரு சாட்சி உண்டு. 849-ஆம் ஆண்டு, சேரமன்னன் தாணு ரவியின் காலத்தில், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு நிலமும் குடிகளும் உரிமைகளும் கொடுத்துச் செப்பேடு வெட்டித் தந்தார். அதைத் தரிசாப்பள்ளிச் செப்பேடு என்பர். பள்ளியைக் கட்டியவர் மருவான் சபீர் ஈசோ. அந்த உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது.

செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வட்டெழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுத்தால், அந்தப் பழைய மொழியில் பாதியைத் தமிழ் என்றே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதைவிட அருமையானது சாட்சிக் கையெழுத்து. அரபியரின் கூஃபி எழுத்தில் சிலர், பாரசீகப் பகலவி எழுத்தில் சிலர், எபிரேய எழுத்தில் சிலர். அதாவது முஸ்லிம், கிறிஸ்தவர், சரதுஷ்டிர சமயத்தார், யூதர் ஆகிய அத்தனை பேரும் ஒரு மாதாகோவில் தானத்துக்குச் சாட்சி நின்றிருக்கிறார்கள். எருசலேம் படுகொலைக்கு 250 ஆண்டுகளுக்கு முன்னால்!

இதைக் கண்டு நான் ஆனந்தப்பட்டேன். ஆனால் வியாபாரி என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் எல்லாரும் மகான்கள் என்பதல்ல. பக்கத்துக் கடைக்காரனின் உரிமை எழுத்தில் இருந்தால்தான் நம் உரிமையும் நிற்கும் என்பது தெரிந்தவர்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவன், நாளைக்குத் தனக்கும் ஒருவன் சாட்சி வேண்டும் என்று நினைத்துத்தான் போடுகிறான். சமய ஒற்றுமை என்று மேடையில் நாம் பேசுவது, கடைத்தெருவில் இப்படித்தான் பிறக்கிறது.

இனி அதே ஊரில் 656 ஆண்டுகள் கழித்து நடந்ததைப் பாருங்கள். போர்ச்சுக்கீசியர் 1503-ல் கொல்லத்தில் ஒரு பண்டகசாலை வைத்தார்கள். 1505-ல் அங்கே மிளகு ஏற்ற முஸ்லிம் வியாபாரிகளின் கப்பல்களும் வந்து நின்றன. முதலில் யார் சரக்கு எடுப்பது என்பதில் தகராறு. போர்ச்சுக்கீசியர் அந்தக் கப்பல்களின் பாயையும் சுக்கானையும் பறித்து வைத்துக்கொண்டார்கள். கூட்டம் திரண்டது. பண்டகசாலைத் தலைவர் அந்தோனியோ தெ சா தம் ஆட்களோடு அங்கிருந்த மாதாகோவிலுக்குள் புகுந்தார். கோவிலுக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். சில நாட்களில் போர்ச்சுக்கீசியத் தளபதியின் மகன் லூரென்சோ தெ அல்மெய்தா வந்து, துறையில் நின்ற 27 கப்பல்களுக்குத் தீயிட்டுக் கணக்குத் தீர்த்தார்.

முஸ்லிம் வணிகன் மாதாகோவிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஊர், மாதாகோவிலோடு மனிதரை எரித்த ஊராக மாறிற்று. இடையில் மாறியது என்ன? யாருடைய வேதமும் மாறவில்லை. துறைமுகத்தில் நடைமுறைதான் மாறியது. வந்தவன் யாராயினும் வரியைக் கட்டி வியாபாரம் செய்யலாம் என்பது போய், ஒருவனுக்கே எல்லாம் என்று ஆனது.

கடலுக்கு ஒரு கடுதாசி

அந்த நடைமுறையின் பெயர் கர்த்தாஸ். போர்ச்சுக்கீசியர் விற்ற கடல் அனுமதிச் சீட்டு அது. அந்தச் சீட்டு இல்லாத கப்பலைப் பிடிக்கலாம், கொள்ளையிடலாம், மூழ்கடிக்கலாம். சீட்டு வாங்கினாலும் மிளகு ஏற்றக்கூடாது. அவர்கள் துறைமுகத்தில் நின்று சுங்கம் கட்டியே போக வேண்டும். நம் கடுதாசி என்ற சொல் இந்தக் கர்த்தாஸிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வர். நேரே அரபுச் சொல்லான கிர்தாஸிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்வர். கர்த்தாஸுக்கே வேர் அந்த அரபுச் சொல்தான் என்றும் கூறுவர். சண்டை போட்டவர்களின் சொற்கள் எவ்வளவு ஒற்றுமையாக இருந்திருக்கின்றன!

சமய ஆவேசம் இதில் இல்லை என்று சொல்லமாட்டேன். 1500 டிசம்பரில் கோழிக்கோட்டில் போர்ச்சுக்கீசியப் பண்டகசாலை தாக்கப்பட்டு சுமார் 50 பேர் கொல்லப்பட்டார்கள். கப்ரால் பழிக்குப் பழியாக ஊர்மீது பீரங்கி சுட்டார். 1502-ல் காமா இரண்டாம் முறை வந்தபோது, மெக்காவிலிருந்து ஹஜ் முடித்துத் திரும்பிய மீரி என்ற கப்பலை மலையாளக் கடலில் மறித்தார். உள்ளே பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் இருந்தனர். கொடுப்பதாகச் சொன்ன பொருளையும் ஏற்காமல் கப்பலுக்குத் தீ வைத்தார். தப்ப விடப்பட்ட சுமார் 20 சிறுவர்களைக் கிறிஸ்தவர்களாக்க எடுத்துக்கொண்டார்கள். படிக்கும்போது கை நடுங்கும் இடம் இது. பிற்பாடு கோவாவைப் பிடித்த அல்புகெர்க், நைல் நதியைத் திருப்பிவிட்டு எகிப்தை வற்றச் செய்வது, அரபு நாட்டுப் புனித நகரைத் தாக்கி அதற்கு ஈடாக எருசலேமைக் கேட்பது என்றெல்லாம் திட்டம் போட்டார். ஆக, மிளகு வெறும் சாக்கு, சிலுவைதான் நோக்கம் என்றும் சொல்ல முடியாது. சிலுவை வெறும் சாக்கு, மிளகுதான் நோக்கம் என்றும் சொல்ல முடியாது. ஒரே மூட்டையில் இரண்டும் கலந்து கிடந்தன. கலப்படச் சரக்கில் எது எவ்வளவு என்று பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

முத்துக்குளித்துறை

மலையாளக் கரையில் மிளகு என்றால் நம் தமிழ்க் கரையில் முத்து. தூத்துக்குடி, காயல், மணப்பாடு முதலிய ஊர்களில் பரதவர் முத்துக் குளித்தார்கள். முத்துச் சலாபத்தின் குத்தகையும் வியாபாரமும் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர் கையில் இருந்தன. 1530-களின் தொடக்கத்தில் இரு தரப்புக்கும் பெரும் சண்டை மூண்டது. ஒரு பரதவப் பெண் அவமதிக்கப்பட்டாள், கேட்கப் போன அவள் கணவனின் காது கடுக்கனோடு அறுபட்டது, அதில் பற்றிய நெருப்பு என்பது வழிவழியாக வரும் செய்தி. ஜுவாம் த குருஸ் என்ற, கோழிக்கோட்டிலிருந்து வந்து கிறிஸ்தவரான குதிரை வியாபாரி, போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பைக் கேளுங்கள் என்று யோசனை சொன்னார். 1535-ல் பரதவத் தலைவர்கள் கொச்சி சென்றார்கள். அடுத்த இரண்டொரு ஆண்டில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1538-ல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் பட்டு மரைக்காயர் முதலியோரின் கடற்படையைப் போர்ச்சுக்கீசியர் தோற்கடித்தார்கள். 1542-ல் புனித சவேரியார் வந்தார். 1544 கடைசியில் நம் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முக்குவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அனுமதி கொடுத்தவர் இந்து அரசரான உண்ணி கேரளவர்மர்.

என் கடைக்கு ஏலக்காய் வாங்க வரும் காயல்பட்டணத்துக் காக்கா ஒருவரும், உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவரும் மணப்பாட்டு அண்ணாச்சி ஒருவரும் உண்டு. ஒருநாள் இருவரும் ஒன்றாக இருந்தபோது இதைப் பற்றிப் பேச்சை எடுத்தேன்.

"எங்க ஆளுவ கடல்ல சுதந்திரமா ஓடுன காலம் அது, நயினார். பரங்கி வந்துதான் எல்லாம் போச்சு" என்றார் காக்கா.

"பரங்கி வரலைன்னா எங்க ஆளுவ ஒருத்தரும் மிஞ்சிருக்க மாட்டோம்லா" என்றார் அண்ணாச்சி.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணாச்சியே சிரித்து, "இப்ப ரெண்டு பேருக்கும் வலைக்கு மேல வட்டிதான் ஏறுது, காக்கா" என்றார். இருவர் சொன்னதும் பொய்யல்ல. ஒரே சம்பவத்துக்கு இரண்டு பேரேடு.

ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை இல்லாமல் இல்லை. பரதவர் போர்ச்சுக்கலுக்குக் கட்டிய வரியில் 4000 பணம், அந்நாட்டு அரசியின் செருப்புச் செலவுக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதை இங்கத்துப் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்போருக்குத் தரும்படி சவேரியார் அரசியிடம் கேட்டு வாங்கினார். மீனவரைக் காக்க வேண்டிய போர்ச்சுக்கீசிய அதிகாரி, அவர்களைத் துன்புறுத்துவோருக்கே குதிரை விற்று லாபம் பார்க்கிறான் என்று அவர் கடிதங்களில் வருந்துகிறார். ஒரே சமயம், ஒரே நாட்டிலிருந்து வந்த இரண்டு மனிதர்: ஒருவர் ஏழைகளின் பின்னால் நடந்தார், மற்றவர் குதிரையின் பின்னால்.

யார் யார் பக்கம்?

கிறிஸ்தவர் ஒரு பக்கம், முஸ்லிம்கள் ஒரு பக்கம் என்று கோடு போட்டுக்கொண்டு நம் கடற்கரை வரலாற்றைப் படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் இடறும்.

கோழிக்கோட்டுச் சாமூதிரி இந்து அரசர். அவருடைய கடற்படைத் தலைவர்கள் குஞ்ஞாலி மரைக்காயர்கள். 1571-ல் சாமூதிரி போர்ச்சுக்கீசியரின் சாலியம் கோட்டையைப் பிடித்தபோது, கோழிக்கோட்டுக் காஜி முஹம்மது அரபு மொழியில் பாட்டாக வெற்றி நூல் இயற்றினார். ஓர் இந்து அரசரைப் புகழ்ந்து அரபு நூல்! அதே காலத்தில் பொன்னானியின் ஷேக் ஜைனுத்தீன் மக்தூம் 'துஹ்பத்துல் முஜாஹிதீன்' எழுதினார். போர்ச்சுக்கீசியரை எதிர்த்துப் போரிட முஸ்லிம்களை அழைக்கும் அந்த நூலே, மலையாள நாட்டு இந்து அரசர்கள் முஸ்லிம்களை மதித்து நடத்திய விதத்தையும் நன்றியோடு சொல்லுகிறது.

சரி, இந்துவும் முஸ்லிமும் என்றும் ஒரு பக்கம் என்று முடிவு கட்டலாமா? அதுவும் இல்லை. நான்காம் குஞ்ஞாலி தாமே ஓர் அரசர்போல் நடக்கத் தொடங்கியதும், சாமூதிரி போர்ச்சுக்கீசியரோடு சேர்ந்து அவருடைய கோட்டையை முற்றுகையிட்டார். 1600-ல் சாமூதிரியிடம் சரணடைந்த குஞ்ஞாலியைப் போர்ச்சுக்கீசியர் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தலையை வெட்டினார்கள்.

கிறிஸ்தவர்களாவது ஒன்றாக நின்றார்களா? 1502-ல் தோமா கிறிஸ்தவர்கள் காமாவிடம் போய்த் தங்கள் பாதுகாப்பைக் கேட்டார்கள். ஆனால் 1599-ல் உதயம்பேரூரில் கூட்டிய சபையில் அவர்களுடைய பழைய சிரியானி வழிபாட்டு முறைகளைப் போர்ச்சுக்கீசியர் திருத்தப் புகுந்தனர். பல ஏடுகள் எரிக்கப்பட்டன. 1653-ல் மட்டாஞ்சேரியில் கூனன் குரிசைப் பற்றிக்கொண்டு, இனி அவர்களுக்குக் கீழ்ப்படிவதில்லை என்று தோமா கிறிஸ்தவர் சத்தியம் செய்தார்கள். சிலுவைக்கு எதிராகச் சிலுவையைத் தொட்டே சத்தியம்! தமிழ்க் கரையில் 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்களும் கிறிஸ்தவர்களே. ஆனால் அவர்கள் வேறு பிரிவு. கத்தோலிக்கப் பரதவரை மாற்றப் பார்த்தார்கள், பரதவர் அசையவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நம் வேணாட்டு அரசர்கள் என்ன செய்தார்கள்? 1520-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாகர்கோவில் நாகராஜா கோவில் கல்வெட்டுகளில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்ற சமணர்களுக்குக் கொடை வருகிறது. கடற்கரையில் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்த காலத்திலும், உள்நாட்டில் எங்கள் சின்னஞ்சிறு சமயத்துக்கு விளக்கெரிய நிலம் கிடைத்திருக்கிறது. இதை நன்றியோடு பதிவு செய்கிறேன்.

வராக்கடன்

கடைசியாக, பேத்திக்கு நான் சொன்ன பதிலுக்கு வருகிறேன். அதற்கு என் சொந்தப் புண் ஒன்றைத் தொட வேண்டும். வாசகர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஏழாம் நூற்றாண்டில் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதாக ஒரு செய்தி உண்டு. 12-ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணம் அந்தக் கழுவேற்றத்தைப் பேசுகிறது. சமணர்கள் ஞானசம்பந்தரின் மடத்துக்குத் தீயிட்டார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. இது நடந்ததா, எவ்வளவு நடந்தது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்துச் சொல்லவில்லை. சிறுவயதில் பள்ளியில் இதைச் சொல்லி ஒருவன் என்னைக் கேலி செய்தான். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்போது என் தகப்பனார் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

"டேய், பேரேட்டுல வராக்கடன்னு ஒண்ணு எழுதறோமில்ல? கடன் வாங்கினவனும் இல்ல, கொடுத்தவனும் இல்ல. வசூலுக்குப் போனா யாரோ ஒருத்தன் வீட்டு வாசல்லதான் நிக்கணும். அதனால போகமாட்டோம். ஆனா பக்கத்தக் கிழிச்சும் போடமாட்டோம். கிழிச்சா கணக்குப் பொய்யாயிடும்."

பள்ளிக்கூடத்துக்கு வெளியே இதைவிடப் பெரிய வரலாற்றுப் பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. குறளில் 33-ஆம் அதிகாரமான கொல்லாமையை எங்கள் வீட்டில் தினம் ஓதுவார்கள். ஆனால் அதற்கு உரை இதுதான் என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

எருசலேமில் செத்தவர்களும், மீரி கப்பலில் எரிந்த தாய்மார்களும், கொல்லத்து மாதாகோவிலில் வெந்தவர்களும், கடுக்கன் காது அறுபட்ட பரதவனும் எல்லாரும் கணக்கில் இருக்க வேண்டும். ஒருவரையும் அடித்துவிடக் கூடாது. முஸ்லிம் பட்ட துன்பத்தை மட்டும் எழுதுகிற பேரேடும் பொய், கிறிஸ்தவர் பட்ட துன்பத்தை மட்டும் எழுதுகிற பேரேடும் பொய். ஆனால் அந்தப் பாக்கியை வசூலிக்கப் பூந்துறையிலோ பீமாபள்ளியிலோ இருக்கும் ஒரு பள்ளிப் பிள்ளையின் முன்னால் போய் நிற்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பிள்ளை எதையும் கடன் வாங்கவில்லை.

இதைத்தான் பேத்தியிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப யாரு பக்கம் நியாயம்னு நீங்க சொல்லவே இல்லையே தாத்தா" என்றாள்.

"நியாயம் ஒரு பக்கமா இருந்தா, செப்பேட்டுல எதுக்குக் கண்ணு அத்தனை எழுத்துல சாட்சிக் கையெழுத்து?" என்று கேட்டேன்.

அவள் அந்தச் செப்பேட்டின் படத்தை என் புத்தகத்திலிருந்து நகலெடுத்துத் தரச் சொன்னாள். பள்ளிக்கு எடுத்துப் போனாள். தோழிகள் இருவரும் மறுபடி பேசிவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் காரியம். ஆனால் அரபு எழுத்து எது என்று பீமாபள்ளிப் பெண் காட்டிக் கொடுத்தாளாம். "பள்ளின்னா உங்க பள்ளியா, எங்க பள்ளியா?" என்று பூந்துறைப் பெண் கேட்டாளாம். கேள்வி நல்ல கேள்விதான். பள்ளி என்ற சொல்லைச் சமணரும் பௌத்தரும் தம் இடத்துக்கு வைத்திருந்தோம். பிறகு கிறிஸ்தவர் எடுத்துக்கொண்டார்கள், முஸ்லிம்கள் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

சொந்த மண்ணை விட்டு வந்து இங்கே குடியிருக்கும் நாம், நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைச் சொல்லித் தரப் படாதபாடு படுகிறோம். என் பேத்தியும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். இந்தக் கட்டுரையை அவள் எழுத்துக் கூட்டியாவது முழுதும் படித்துவிட்டால் எனக்கு அதுவே போதும். பிழை கண்ட அறிஞர்கள் பொறுத்தருளி எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். கடை காலை ஒன்பது மணிக்குத் திறந்திருக்கும்.